எத்தனை ஆம்பியர் போதும்?

(கொட்டச்சேட்டில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"ஏதாவது உபயோகமாப் பேசு, இருபது நிமிஷத்துக்கு மேல போகாதே, பின்னாடி பிரியாணி இருக்கு" என்று செயலாளர் கட்டளை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பேசுகிறேன். சிறு விமானத்துக்கு எந்த அளவு ஆல்டர்னேட்டர் போட வேண்டும் என்பதுதான் அது. "நம்மில் யார் விமானம் வாங்கப் போகிறோம்?" என்று நினைக்காதீர்கள். கதை ஜீப்பில் ஆரம்பித்து, ஜெனரேட்டர் வண்டியில் ஏறி, அப்புறம்தான் விமானத்துக்குப் போகும்.

இங்கே மைக் செட் கட்டியிருக்கும் தம்பி குப்பனூரிலிருந்து வேனில் ஏறி வந்தவர். நேற்று போனில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பேர் வராங்க?" என்பது இல்லை. "சார், எத்தனை பாக்ஸ், எத்தனை லைட்டு? சமையக்கட்டுல கிரைண்டர் ஓடுமா? மைக்கும் கிரைண்டரும் ஒரே நேரத்துல ஓடுமா?" என்று கேட்டார். மலையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது, அதனால் ஜெனரேட்டர் எடுத்து வரச் சொல்லியிருந்தோம். எந்த ஜெனரேட்டரை ஏற்றுவது என்று முடிவு செய்ய அவர் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அது எனக்கு வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது இதே கொட்டச்சேட்டில். அப்பா எஸ்டேட் ஜீப் டிரைவர். அந்த ஜீப்பில் இருந்தது பழைய டைனமோ. எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அது கரண்ட் கொடுக்கும். மெதுவாகச் சுற்றினால் ஒன்றும் வராது, எல்லாச் சுமையும் பேட்டரி தலையில். கொண்டையூசி வளைவில் எதிரே லாரி வந்து ஜீப்பை நிறுத்தினால் ஹெட்லைட் மங்கி மஞ்சளாகிவிடும். அப்பா ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருப்பார். மழை, பனி, இருட்டு மூன்றும் சேர்ந்துவிட்டால் முதலில் டேப் ரிகார்டரை அணைப்பார். பின் சீட்டில் இருப்பவர்கள் "நல்ல பாட்டுண்ணே, போடுங்க" என்று கெஞ்சினாலும் கேட்க மாட்டார். "வைப்பரும் லைட்டும் இல்லாம நான் இறங்க முடியாது, பாட்டு இல்லாம இறங்கலாம்" என்பார். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். நான் பிற்பாடு கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டுச் செய்த வேலையை அவர் அப்போதே மனக்கணக்காகச் செய்துகொண்டிருந்தார் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இனி விமானம்.

படித்து முடித்துப் பெங்களூர் போனேன். பயிற்சி விமானங்களில் பழைய கருவிகளைக் கழற்றிவிட்டுப் புதிய திரைகளும் ரேடியோக்களும் பொருத்தும் ஒரு நிறுவனத்தில் வேலை. மின்சுமைக் கணக்கு என் பொறுப்பு. எந்தக் கருவி எத்தனை ஆம்பியர் இழுக்கும், ஆல்டர்னேட்டர் தாங்குமா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

முதலில் வந்தது இரண்டு பேர் உட்காரும் ஒரு பழைய பயிற்சி விமானம். 14 வோல்ட், 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். நான் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். தரையிறங்கும் விளக்கு 8 ஆம்பியர். ஓடுபாதையில் ஊர்ந்து போகும்போது போடும் டாக்ஸி விளக்கு 8. இறக்கை நுனியிலும் வாலிலும் உள்ள நேவிகேஷன் விளக்குகள் 6. பளிச் பளிச்சென்று வெட்டும் ஸ்ட்ரோப் 5. வேகம் காட்டும் பிடாட் குழாயில் பனி உறையாமல் இருக்க ஒரு ஹீட்டர், அது 8. இரண்டு ரேடியோ, பேசும்போது தலைக்கு 5, ஆக 10. டிரான்ஸ்பாண்டர் 2. புதுத் திரைகள் 5. எரிபொருள் பம்ப் 4. கூட்டினால் 56.

எங்கள் தொழிலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அமெரிக்க விமானத் துறையின் பராமரிப்புக் கையேட்டிலும் அது இருக்கிறது. சுமையைக் கண்காணிக்கத் தனி ஏற்பாடு எதுவும் இல்லையென்றால், தொடர்ந்து இழுக்கும் சுமை ஆல்டர்னேட்டர் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நானும் 56-ஐ 0.8-ஆல் வகுத்தேன். சரியாக 70 வந்தது. சந்தையில் 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் கிடைத்தது. விடை இவ்வளவு அழகாக வரும்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பரீட்சைத் தாள் பழக்கம், சந்தோஷப்பட்டுவிட்டேன். 60-ஐக் கழற்றி 70 போடச் சொல்லி வரைபடம் எழுதினேன். அதில் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் பிரதான ஒயர், சர்க்யூட் பிரேக்கர் இரண்டுக்கும் நேராக 'பழையதே' என்று எழுதினேன். பிரேக்கர் 60 ஆம்பியர். மேலே பார்த்தவர்களும் இதைக் கவனிக்கவில்லை.

ஒப்படைப்பதற்கு முன் சோதனைப் பறப்பு. விமானம் பல நாள் ஹேங்கரில் நின்றிருந்தது, பேட்டரி பாதி காலி. வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் செய்து, சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். பசியோடு இருக்கிற பேட்டரி கிடைக்கிறதையெல்லாம் விழுங்கும். பழைய ஆல்டர்னேட்டராக இருந்தால் 60-க்கு மேல் கொடுத்திருக்க முடியாது. என்னுடைய 70 தாராளமாகக் கொடுத்தது. மேலேறிக்கொண்டிருக்கும்போது 60 ஆம்பியர் பிரேக்கர் பட்டென்று விழுந்தது. ஆல்டர்னேட்டர் நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் அதன் கரண்ட் விமானத்துக்குள் வரவில்லை. மின்னழுத்தம் குறைகிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. கையில் மிச்சம் இருந்தது பாதி காலியான அந்தப் பேட்டரிதான். பகல் நேரம், அனுபவமுள்ள விமானி, ஒரு சுற்று சுற்றி இறக்கிவிட்டார். எஞ்சின் நிற்கவில்லை, ஏன் நிற்கவில்லை என்று பிறகு சொல்கிறேன். இறங்கி வந்தவர் என்னைத் திட்டவில்லை. "யார் கணக்குப் போட்டது?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அங்கே மூத்த மெக்கானிக் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் அண்ணன். என் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, காகிதத்துல எல்லா சுவிட்சையும் ஒரே நேரத்துல போட்டுட்டீங்களே. டாக்ஸி லைட்டு வானத்துல எதுக்கு? ஒரே ஆளு ரெண்டு ரேடியோவுலயும் ஒரே நேரத்துல பேசுவாரா?" என்றார். பிறகு கிளாம்ப் மீட்டரை எடுத்து வந்து ஒயரில் மாட்டி, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் காட்டினார். இரவில் நேராகப் பறக்கும்போது வேண்டியது நேவிகேஷன் 6, ஸ்ட்ரோப் 5, ஹீட்டர் 8, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் ரேடியோக்கள் இரண்டும் சேர்ந்து 1, டிரான்ஸ்பாண்டர் 2, திரைகள் 4. மொத்தம் 26. தரையிறங்கும்போது விளக்கு 8, பம்ப் 4 சேர்த்தால் 38. அறுபதில் 80 சதவீதம் 48. ஆக, கழற்றி எறிந்த அந்தப் பழைய 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரே போதுமானதாக இருந்திருக்கிறது!

மைக் செட் தம்பியின் கேள்வி இதுதான். கிரைண்டர் இருக்கிறதா என்பதோடு அவர் விடவில்லை, மைக் ஓடும்போது ஓடுமா என்று கேட்டார். விமானத்தில் இதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கேட்க வேண்டும்: ஸ்டார்ட், தரையில் ஊர்வது, மேலேறுவது, நேராகப் பறப்பது, இறங்குவது. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. இவற்றில் அதிகபட்சம் எதுவோ அதை 80 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டும். அரை நிமிடம், கால் நிமிடம் இழுக்கிற மோட்டார்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதைப் பேட்டரி பார்த்துக்கொள்ளும்.

ஸ்டார்ட்டர்தான் பேட்டரியைக் குடிக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறோம். 200 ஆம்பியர் இழுக்கிறதே என்று பயம். ஆனால் 5 வினாடிதானே? பெருக்கிப் பாருங்கள், 1000 ஆம்பியர்-வினாடி. மணிக்கணக்கில் 0.28 ஆம்பியர்-மணி. 24 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது ஒரு வாய்த் தண்ணீர். அதைவிட, ராத்திரி மறந்துபோய் விட்ட மாஸ்டர் சுவிட்ச்தான் பேட்டரியைக் கொல்லும்.

"சரி, தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்கலாம். கல்யாணத்துக்குச் சாப்பாடு சொல்கிற மாதிரி நூறு பேருக்கு நூற்றைம்பது இலை போடும் ஊர் நம்முடையது. பெரிய ஆல்டர்னேட்டர் எஞ்சினை அதிகம் இழுக்கும் என்று ஒரு தவறான எண்ணம் உண்டு, அப்படி இல்லை. நீங்கள் 26 ஆம்பியர் வாங்கினால் அது 26-க்கு உண்டான உழைப்பைத்தான் எஞ்சினிடம் கேட்கும். முழு 60 ஆம்பியரும் வாங்கினால் 840 வாட், இழப்பெல்லாம் சேர்த்து எஞ்சினிலிருந்து சுமார் 2 குதிரைத் திறன். நூறு குதிரைத் திறன் எஞ்சினில் அது பெரிய விஷயமல்ல. கெடுவது வேறு இடத்தில். எடை கூடும், அதுவும் மூக்கில் கூடும். பெல்ட்டுக்கும் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட்டுக்கும் அதிர்வு கூடும். ஒயர், பிரேக்கர், ஆம்பியர் மீட்டர் எல்லாம் கூடவே மாற வேண்டும். மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் சாட்சி. ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றுவது என்று ஒன்று கிடையாது.

சிறிதாகப் போட்டால் கெடுவதையும் சொல்லிவிடுகிறேன். தரையில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் தன் பெயரில் எழுதியிருக்கும் ஆம்பியரைக் கொடுக்காது. இரவில் ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருக்கும் விமானம், கொண்டையூசி வளைவில் நின்ற எங்கள் ஜீப் மாதிரிதான். அப்புறம் சூடு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், அதாவது ஏற்காட்டின் உயரத்தில், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 14 சதவீதம் குறைவு. உங்களுக்குக் குளிர்கிறது, ஆனால் ஆல்டர்னேட்டரைக் குளிர்விக்கக் காற்று குறைந்துவிட்டது. எஞ்சின் மூடிக்குள் வெந்துகொண்டிருக்கும் ஆல்டர்னேட்டரிடம் எப்போதும் நூற்றுக்கு நூறு கேட்டால் சீக்கிரம் செத்துப்போகும். அந்த 20 சதவீத மிச்சம் இதற்கும் சேர்த்துத்தான்.

இதுவரை சொன்னது ஆல்டர்னேட்டர் ஓடும் நாளுக்கான கணக்கு. ஓடாத நாளுக்கு வேறு கணக்கு இருக்கிறது. மாணவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

1983 அக்டோபர் 11. அமெரிக்காவில் ஏர் இல்லினாய் என்ற நிறுவனத்தின் ஹாக்கர் சிட்லி 748. நம் நாட்டில் ஆவ்ரோ என்று சொல்வோமே, கான்பூரில் எச்.ஏ.எல். தயாரித்தது, அதே ரகம். நான் சொல்லும் இரண்டு சீட்டு விமானத்தைவிட மிகப் பெரியது, ஜெனரேட்டரே இரண்டு. ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து இரவில் கிளம்பிய சிறிது நேரத்தில் இடது ஜெனரேட்டர் பழுதானது. துணை விமானி தவறுதலாக நன்றாக இருந்த வலது ஜெனரேட்டரைப் பிரித்துவிட்டார். பிறகு அதுவும் ஒத்துழைக்கவில்லை. திரும்பி இறங்கக் கிளம்பிய ஊரே பக்கத்தில் இருந்தது. கேப்டன் பேட்டரியை நம்பிக் கார்பன்டேலுக்குத் தொடர்ந்து போனார். ஊர் போய்ச் சேருவதற்குள் பேட்டரி தீர்ந்தது. இருட்டில், மேகத்துக்கு நடுவில், கருவிகள் அணைந்தன. விமானத்தில் இருந்த 10 பேரும் இறந்தார்கள். எஞ்சின்கள் இரண்டும் நன்றாகத்தான் ஓடின. அங்கே இன்னும் பெரிய ஜெனரேட்டர் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா? இருக்காது.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று என் பட்டியலை வைத்தே பார்ப்போம். புதிதில் 24 ஆம்பியர்-மணி. ஒரு வருடம் ஓடிய பிறகு 19 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட்டர் நின்றதை விமானி பத்து நிமிடம் கவனிக்கவில்லை என்றால், 26 ஆம்பியர் வீதம் 4 போய்விட்டது. மிச்சம் 15. அவர் ஒன்றையும் அணைக்காமல் பறந்தால் காகிதத்தில் 35 நிமிடம். வேகமாக இழுக்கும்போது பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது, ஆகவே அரைமணிகூடத் தேறாது. ஒரு ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், ஒரு திரை மட்டும் வைத்து மற்றதை அணைத்தால் 6 ஆம்பியர்தான், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் நீண்ட காலம் இருந்த எண் 30 நிமிடம்: ஜெனரேட்டர் போனபின் அத்தியாவசியக் கருவிகளுக்குப் பேட்டரி குறைந்தது 30 நிமிடம் உயிர் கொடுக்க வேண்டும். அத்தியாவசியம் எது என்ற பட்டியலைத் தரையிலேயே எழுதி, அந்த சுவிட்ச்களை ஒன்றாகப் பக்கத்தில் வைக்க வேண்டும். மேலே போய் யோசிக்க நேரம் இருக்காது.

முன்பு எஞ்சின் நிற்கவில்லை என்றேனே, காரணம் மாக்னெட்டோ. பழைய விமான எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக்குக்கு வேண்டிய மின்சாரத்தை எஞ்சினே தனியாக உண்டாக்கிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றி வீசினாலும் ஓடும். புதிய எஞ்சின்கள் பல அப்படி இல்லை. எரிபொருள் தெளிப்பதும் தீப்பொறி கொடுப்பதும் கம்ப்யூட்டர். கரண்ட் இல்லையென்றால் எஞ்சினும் இல்லை.

நம் நாட்டு உதாரணம் ஹன்சா. பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகம் உருவாக்கிய இரண்டு சீட்டுப் பயிற்சி விமானம், முதலில் பறந்தது 1993-ல். அதன் புதிய வடிவமான ஹன்சா-என்.ஜி. 2021 செப்டம்பர் 3-ஆம் தேதி பறந்தது. அதில் இருப்பது ரோட்டாக்ஸ் 912 ஐ.எஸ்.சி. எஞ்சின், கம்ப்யூட்டர் கட்டுப்பாடு. இந்த ரக எஞ்சினுக்குள்ளேயே இரண்டு ஜெனரேட்டர்கள். முதலாவது 16 ஆம்பியர், அது எஞ்சினின் சொந்தத் தேவைக்கு. இரண்டாவது 30 ஆம்பியர், அது விளக்கு, ரேடியோ, பேட்டரி ஆகியவற்றுக்கு. முதலாவது செத்தால் இரண்டாவது தானாகவே எஞ்சின் பக்கம் மாறிவிடும். விளக்கும் ரேடியோவும் பேட்டரியை நம்பி நிற்கும். எதை முதலில் காப்பாற்றுவது என்று வடிவமைத்தவர்கள் இரும்பிலும் செம்பிலும் எழுதி வைத்துவிட்டார்கள். அப்பா டேப் ரிகார்டரை அணைத்த மாதிரி!

முப்பதில் 80 சதவீதம் 24 தானே, என் பழைய பட்டியலில் இறங்கும்போது 38 வந்ததே, எப்படிப் போதும்? வழி ஆல்டர்னேட்டரில் இல்லை, விளக்கில் இருக்கிறது. நேவிகேஷனும் ஸ்ட்ரோபும் எல்.இ.டி. ஆனால் 11 ஆம்பியர் சுமார் 2 ஆகிறது. தரையிறங்கும் விளக்கு 8-லிருந்து 3. கழித்தால் 24. இது என் பழைய விமானத்துப் பட்டியலை வைத்து நான் போட்ட கணக்கு, ஹன்சாவின் கணக்கு அல்ல. இப்போது யாராவது "சார், ஆல்டர்னேட்டர் பத்தல" என்று வந்தால் முதலில் விளக்கைத்தான் பார்க்கிறேன். கரண்டு கூட்டுவதைவிடச் செலவைக் குறைப்பது மலிவு.

2022 மே 17-ல் சள்ளகெரேயில் ஹன்சா-என்.ஜி.யின் எஞ்சினை வானத்திலேயே அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். எஞ்சின் நின்றுவிட்டால் ஜெனரேட்டரிலிருந்து எதையும் எதிர்பார்க்க முடியாது. ஸ்டார்ட்டர் உதவி வேண்டுமென்றால் அது பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். பேட்டரி என்பது ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தச் சோதனையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2007 மார்ச் 4, ஜெர்மனியில் ஸ்பேயர். டைமண்ட் டி.ஏ.42 என்ற இரட்டை எஞ்சின் விமானம். நம் நாட்டுப் பயிற்சிக் கல்லூரியிலும் இந்த ரகம் உண்டு. பேட்டரி காலியாக இருந்தது. வெளிக் கரண்ட் கொடுத்து இரண்டு எஞ்சினையும் ஸ்டார்ட் செய்து கிளம்பினார்கள். தரை விட்டதும் சக்கரத்தை மடக்கினார்கள். அந்த மோட்டார் இழுத்த இழுப்பில் மின்னழுத்தம் கண் இமைக்கும் நேரம் சரிந்தது. எஞ்சின் கம்ப்யூட்டர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கின, இரண்டு எஞ்சினும் நின்றன. உயிர்ச்சேதம் இல்லை என்பது நல்ல காலம். ஆல்டர்னேட்டர் இருந்தது, ஓடியது. திடீர் இழுப்பைத் தாங்க வேண்டிய பேட்டரிதான் இல்லை. அரை நிமிட மோட்டாரைப் பேட்டரி பார்த்துக்கொள்ளும் என்று சற்று முன் சொன்னேன், அல்லவா? பேட்டரியில் ஏதாவது இருந்தால் பார்த்துக்கொள்ளும் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் சோதனைப் பறப்புதான் நினைவுக்கு வந்தது. அதே பாதி காலியான பேட்டரி, அதே வெளிக் கரண்ட், அதே அவசரம். எங்கள் விமானத்தில் மாக்னெட்டோ இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அன்றிலிருந்து என் படிவத்தில் முதல் வரி ஆல்டர்னேட்டர் அல்ல, பேட்டரி. எப்போது கடைசியாகச் சோதித்தது, எவ்வளவு தாங்கியது என்று எழுதாமல் அடுத்த வரிக்குப் போக மாட்டேன்.

அந்த 70 ஆம்பியர் என்ன ஆனது என்று மெஷின்ஸ் சார் கண்ணாலேயே கேட்கிறார். கழற்றிவிட்டோம் சார். பழைய 60-ஐ அண்ணன் குப்பையில் போடாமல் அலமாரியில் துடைத்து வைத்திருந்தார். "திரும்பி வருவீங்கன்னு தெரியும் தம்பி" என்றார்.

மாணவர்கள் யாருக்காவது அந்தக் கட்டம் வாரியான சுமைப் படிவம் வேண்டுமானால் ஐந்து பிரதி எடுத்து வந்திருக்கிறேன், சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடியுங்கள். சமையல்கட்டில் கிரைண்டர் ஓட ஆரம்பித்துவிட்டது, மைக் செட் தம்பி என்னையே பார்க்கிறார்.